லவ் கேக் யார் வீட்டுச் சொத்து?

போன இதழில் ரவை, கஜு, மஞ்சள்கரு, பன்னீர் சேர்த்துச் சுடும் நம்முடைய லவ் கேக்குக்குச் செய்முறை எழுதி, போகிற போக்கில் "போர்த்துக்கேயர் விட்டுப்போன பண்டம்" என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டேன். செய்முறையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். சரி, பேசிவிடுவோம்.

கேள்வி: என் கணவரோடு வேலை செய்யும் பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்தவர்) ஒருவர், லவ் கேக் ஒல்லாந்தருடையது (டச்சுக்காரருடையது), தங்கள் வீட்டில் பரம்பரையாகச் செய்கிறோம் என்று அடித்துச் சொல்கிறார். நீங்கள் எதை வைத்து எழுதினீர்கள்? – வாசகி, சுண்டிக்குளி

பதில்: அவர் பொய் சொல்லவில்லை அக்கா. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபோது ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி ஆட்கள் பலர் தனி ஆளாக வந்து, போர்த்துக்கேய வழிவந்த பெண்களை இங்கேயே கட்டிக்கொண்டார்கள். குடும்பப் பெயர் ஒல்லாந்து, குசினி போர்த்துக்கேயம். (குசினி என்ற சொல்லே அவர்களுடையதுதான். பாண், மேசை, போறணை எல்லாம் அந்தக் கப்பலில் வந்து இறங்கிய சொற்கள்.) ஒல்லாந்தருடையது என்று நான் தயங்காமல் விட்டுக்கொடுப்பது புரூடரை: ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்துச் சுட்டு, நத்தாருக்கு ஈடம் சீஸோடு சாப்பிடுவது.

நான் போர்த்துக்கேயர் பக்கம் சாய்வதற்குக் காரணம் வேறு. போர்த்துக்கல் கன்னியர் மடங்களில் பிறந்த இனிப்புகளில் ஒன்றுக்கு, கேட்டால் சிரிப்பீர்கள், "வானத்துப் பன்றிக்கொழுப்பு" என்று பெயர். வாதுமை, சீனி, கணக்கில்லாத மஞ்சள்கரு, சில ஊர்களில் ஒருவகைப் பூசணியைச் சீனியில் காய்ச்சிய ஜாமும் சேரும். இப்போது நம்முடைய தட்டைப் பாருங்கள். வாதுமை இருந்த இடத்தில் கஜு, அதையும் பிரேசில் பக்கமிருந்து கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். பூசணி ஜாம் இருந்த இடத்தில், நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் காய்ச்சிய தோசி. இந்தத் தோசிக்கும் நம்முடைய தோசைக்கும் உறவில்லை, இனிப்பு என்று பொருள்படும் "தோசெ" என்ற போர்த்துக்கேயச் சொல் அது. கையெழுத்துப் போட்ட பத்திரம் இல்லைதான், ஆனால் சாயல் இவ்வளவு ஒத்துப்போனால் சொந்தம் இல்லை என்று யார் சொல்வது?

கேள்வி: ரவையும் பன்னீரும் தேனும் சேர்ந்தால் அது அரபு இனிப்புத்தானே? போர்த்துக்கேயர் வர முன்னரே சோனகர் இங்கே வியாபாரம் செய்தார்கள். அந்தப் பக்கத்தை ஏன் விட்டீர்கள்? – வாசகர், சோனகதெரு

பதில்: விட்டது என் பிழைதான். வாசனைப் பக்கத்துக்கு உங்கள் வாதம் பலமானது. ஆனால் போர்த்துக்கலின் தெற்கே 13ஆம் நூற்றாண்டு வரை முஸ்லிம் ஆட்சி நடந்ததால், பன்னீர் லிஸ்பனைச் சுற்றி வந்ததா, நேரே இந்துசமுத்திரத்தில் வந்ததா என்று போத்தலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு வித்தியாசம் உண்டு. அரபு நாட்டு ரவைக் கேக்கான பஸ்பூசாவில் பெரும்பாலும் முட்டை இல்லை, வெந்த பிறகு பாகு ஊற்றி ஊறவைப்பார்கள். லவ் கேக்கின் ஈரம் மஞ்சள்கருவிலும் கஜுவிலும் இருந்து வருவது. ஆகவே ரவையும் பன்னீரும் உங்களுக்கு, முட்டை போர்த்துக்கேயருக்கு. கறுவாவும் ஏலமும் சாதிக்காயும் இந்தப் பக்கத்துச் சரக்கு, அதில் ஒருவருக்கும் பங்கு கிடையாது.

கேள்வி: எங்கள் அம்மா பூசணித் தோசி போடுவதேயில்லை. கொழும்பு மச்சாளோ அது இல்லாவிட்டால் லவ் கேக்கே இல்லை என்கிறாள். எது சரி? – வாசகி, ஸ்காபரோ

பதில்: இரண்டையும் சாப்பிட்டிருக்கிறேன், தோசி போட்டது நல்லது. மச்சாளிடம் சொல்லிவிடாதீர்கள். ஆனால் எங்கள் அம்மம்மாவும் போட்டதில்லை, கிடைத்ததைப் போட்டுத்தான் கேக் அடித்தார். 90களில் மின்சாரமும் இல்லை, பட்டரும் இல்லை, சீனி விலை சொல்லத் தேவையில்லை. தட்டுக்குள் பழைய பேப்பரை நாலு மடிப்பாக விரித்து, அதன்மேல் எண்ணெய் பூசிய கடதாசி, அதற்குள் கலவை. பெரிய சட்டியில் மணல் பரப்பித் தட்டை வைத்து மூடி, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல். கீழ்ப் பேப்பர் கருகி வாசம் வந்தால்தான் வெந்த கணக்கு. மேலே மண்ணிறமாய் மொறுமொறு என்று, நடுவில் விரல் வைத்தால் ஒட்டும். இன்றைக்கு அவணில் 150 பாகையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைத்தாலும் அந்த மேற்தோல் எனக்கு வரவில்லை. நகரில் ஒரு கடையில் அண்மையில் லவ் கேக் என்று வாங்கினேன், பட்டர் கேக்குக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தூள் தூவிக் கொடுத்தார்கள்.

அப்புறம், இந்தச் சண்டை நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். புதுச்சேரியில் ரவை, நெய், முந்திரிப்பருப்பு, ரம் சேர்த்து விவிக்கம் என்று ஒரு நத்தார்க் கேக் இருக்கிறது. கோவாவில் தேங்காய்ப்பாலும் மஞ்சள்கருவும் அடுக்கடுக்காக வேகவைத்துப் பெபிங்கா. சிங்கள வீடுகளில் தேங்காய்ப்பூவும் பாணியும் போட்ட பிபிக்கன். மூன்று பெயரையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் தட்டில் வைத்தால் ஒன்றையொன்று தெரியாத ஆட்கள்.

கேள்வி: பெயரில் ஏன் "லவ்"? – மாணவன், கொக்குவில்

பதில்: காதல் கேக் என்று பொருள்படும் "போலு தி அமோர்" என்ற போர்த்துக்கேயப் பெயரை ஆங்கிலத்தில் அப்படியே வைத்துக்கொண்டார்கள் என்கிறார்கள் தம்பி. போர்த்துக்கேயத் தளபதியை மயக்க ஒருத்தி செய்தாள் என்கிற மாதிரிக் கதைகளை நம்பாதேயும். கஜு கொத்தும் வேலையை உம்மிடம் தந்தால் கால்வாசி உமது வாய்க்குள்தான் போகும், அந்தக் காதல் எனக்குத் தெரியும்.

கேள்வி: நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாவுக்குக் கொடியேறினால் எங்கள் வீட்டில் முட்டை தொடமாட்டோம். முட்டை இல்லாமல் லவ் கேக் செய்ய வழி உண்டா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: உண்டு. ரவையை நெய்யில் வறுத்து, சீனி, கஜு, ஏலக்காய் போட்டுக் கிளறி இறக்குங்கள். அதற்குப் பெயர் கேசரி. லவ் கேக்தான் வேண்டும் என்றால் 25 நாள் பொறுத்து, பூங்காவனத் திருவிழாவும் முடிந்த பிறகு 10 மஞ்சள்கருவோடு தொடங்குங்கள். வெள்ளைக்கருவில் நாலை நுரைக்க அடித்துக் கடைசியாகச் சேருங்கள், மிச்சத்தை அடுத்தநாள் காலை வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பொரிக்கலாம்.