குண்டுமல்லி பூக்கலையா? கேட்டவங்களுக்கு என் பதில்

மதுரை திருமங்கலம் பக்கம் எங்களுக்கு மல்லித் தோட்டம், 20 வருஷமா விடியக்காலைல எந்திரிச்சு பூ பறிக்கிற கை இது. தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அக்கா, சென்னைல மாடித்தொட்டில வச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. செடி பச்சப்பசேல்னு கொடி மாதிரி ஓடுது, ஒரு மொக்கு கூட இல்ல. யூரியா கூட போட்டேன்.

பதில்: யூரியாவ இன்னையோட நிறுத்துங்க தம்பி, அது இலையத்தான் வளக்கும். மல்லி பூக்குறது புதுசா துளுக்குற கிளையோட நுனியில, நீங்க வெட்டாம விட்டா பழைய குச்சியே நீண்டு நீண்டு போகும், பூ எங்க இருந்து வரும்? நீளமா ஓடுறத எல்லாம் பாதிக்கு வெட்டிட்டு தொழு உரமும் ஒரு கைப்பிடி எலும்புத்தூளும் மண்ணுல கிளறி விடுங்க. நாள் பூரா வெயில் படுற இடத்துல வைங்க.

கேள்வி: கவாத்து எப்ப பண்ணணும்? வெட்டினா செத்துருமோன்னு பயமா இருக்கு.

பதில்: இந்த பயத்துலயே பாதி பேர் வீட்ல மல்லி பூக்காம நிக்குதும்மா. நவம்பர் கடைசில இருந்து டிசம்பருக்குள்ள பண்ணிருங்க. முன்னாடி கொஞ்ச நாள் தண்ணிய நிறுத்தி செடிய காயவிட்டு, தரைல இருந்து ஒன்றரை அடி உயரம் விட்டுட்டு மேல எல்லாத்தையும் வெட்டணும், காஞ்ச குச்சி, நோஞ்சான் குச்சிய அடியோட எடுத்துரணும். மிச்ச இலையையும் உருவி விட்டுருவோம். பாக்க மொட்டையா வெறும் குச்சியா நிக்கும், மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கும். அப்புறம் உரம் வச்சு தண்ணி விட்டா கணுவுக்கு கணு துளிர் கிளம்பும். மாசி பங்குனில பாருங்க, நுனிக்கு மூணு மூணா மொக்கு நிக்கும், நடு மொக்கு தான் முதல்ல பெருசாகும்.

கேள்வி: இலை மஞ்சளாகுது, நரம்பு மட்டும் பச்சையா இருக்கு. போர் தண்ணி தான் ஊத்துறேன்.

பதில்: கொழுந்து இலையா, அடி இலையா? கொழுந்துல இருந்துச்சுன்னா இரும்புச்சத்து கொறை. மண்ணு, தண்ணில சுண்ணாம்பு ஜாஸ்தியா இருந்தா இரும்பு இருந்தும் வேர் எடுக்காது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் கரைச்சு சாயங்காலமா இலை மேல அடிங்க, பச்சை திரும்புற வரைக்கும் மாசம் ஒருக்கா. மழைத்தண்ணி பிடிக்க முடிஞ்சா விட்றாதீங்க.

கேள்வி: மொக்கு ஊதா கலராகி உதிருது.

பதில்: ஒண்ண பிச்சு பாருங்க. ஓட்டை போட்டு உள்ள பச்சப்புழு இருந்தா மொட்டுப்புழு. ஓட்டையே இல்லாம அடிப்பக்கம் வீங்கி குட்டிகுட்டியா புழு நெளிஞ்சா மொக்கு ஈ. அந்த புழு மண்ணுக்குள்ள இறங்கி கூடு கட்டி திரும்ப ஈயா வரும், அதனால உதிர்ந்த மொக்க தொட்டிக்குள்ளயே விடாதீங்க, பொறுக்கி எரிச்சுருங்க, மேல் மண்ண கிளறி விடுங்க. வேப்பெண்ணெய் லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக்கரைசல் சேத்து வாரம் ஒரு தடவை அடிங்க.

கேள்வி: பால்கனில 3 மணி நேர வெயில் தான் வருது, பூக்குமா அக்கா?

பதில்: பேருக்கு நாலு பூ வரலாம், ஆசை காட்டி ஏமாத்த எனக்கு மனசு இல்ல. நந்தியாவட்டை வைங்க, அரை நிழல்லயும் பூக்கும்.

கேள்வி: மதுரை மல்லி நாத்து எங்க கிடைக்கும்?

பதில்: 2013ல மதுரை மல்லிக்கு புவிசார் குறியீடு (இந்த ஊரு பொருள்னு அரசாங்கம் குடுக்குற அடையாளம்) கிடைச்சுச்சு, ஆனா நாத்து பெரும்பாலும் ராமநாதபுரம் பக்கம் இருந்து தான் வரும், தங்கச்சிமடம் அதுக்கு பேர் போன ஊரு. பக்கத்து வீட்ல நல்லா பூக்குற செடி இருந்தா வாங்கவே வேணாம். தாழ்வா இருக்குற ஒரு கிளைய வளைச்சு, கணுகிட்ட தோல லேசா சீவி மண்ணுக்குள்ள புதைச்சு மேல ஒரு கல்ல வைங்க. ஈரம் காயாம பாத்துக்கிட்டா 3, 4 மாசத்துல வேர் பிடிச்சிரும், தாய்ச்செடில இருந்து வெட்டி எடுத்து நட்டுக்கலாம். அந்த வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டு பண்ணுங்க, முதல் பூவ அவங்களுக்கு குடுங்க.