மோட்டார்ஹோம் இழுத்துச் செல்லும் காருக்குத் தனியாக பிரேக் எதற்கு?

அமெரிக்காவில் மோட்டார்ஹோமில், அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள பெரிய வண்டியில், ஊர் சுற்றுபவர்கள், தங்கும் இடத்திலிருந்து கடைக்குப் போய்வர ஒரு காரையும் பின்னால் கட்டி இழுத்து வருவார்கள். பெரும்பாலும் காரின் நான்கு சக்கரங்களும் தரையில் உருளும். பெரிய வண்டி பிரேக் போடும்போது அந்தக் காரின் பிரேக்கையும் போடும் கருவிதான் துணை பிரேக். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் வைக்கும் ஒரு பெட்டி, காரின் பிரேக் பெடலை அழுத்தும். இது ஒரு வகை.

காரணம் எடைதான். மோட்டார்ஹோமின் பிரேக் அதன் சொந்த எடைக்கு ஏற்றபடி அமைந்தது. பின்னால் 1,500 கிலோ சேர்ந்தால் நிற்கும் தூரம் நீளும். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். பாரவண்டியை முன்னால் நின்று இழுத்தபடி சரிவில் இறங்குபவரை வண்டியே தள்ளுமே, அதேதான். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டால் நிலைமை மாறிவிடும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. இணைப்பு அறுந்து கார் தனியே கழன்றால், அதற்கென்றே மாட்டிய மெல்லிய கம்பி இழுபட்டு, காரின் பிரேக் தானாகப் பிடிக்கும். இந்த வசதி இல்லாத கருவியை வாங்காதீர்கள்.

சரி, பிரேக் விளக்கு? மோட்டார்ஹோமின் விளக்குகளைக் கார் மறைத்துவிடும். அதனால் வயர் இழுத்து, காரின் பின்விளக்குகளையும் எரிய வைக்கிறார்கள். மின்சாரம் காரின் மற்ற சுற்றுகளுக்குள் புகாமல் தடுக்க, அதை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு என்ற சிறு பாகத்தைப் போடுவது வழக்கம்.

காரின் பிரேக் விளக்கு எரிந்தாலே அதன் பிரேக்கும் பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வயர் விளக்கை மட்டுமே எரிய வைக்கும், சக்கரத்தை நிறுத்தாது.