போலோவா, பந்தயத்துக்கென்றே அமைத்த எஸ்டீமா?

வணக்கம் நண்பரே. தினமும் அலுவலகத்துக்கு ஓட்டவும், மாதம் ஒருமுறை சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தய ட்ராக்கில் இறக்கவும் பழைய 1.2 லிட்டர் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) கார் வாங்குவதா, அல்லது உள்ளே எல்லாம் கழற்றி, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு பொருத்திய மாருதி எஸ்டீமை வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். எஸ்டீமைச் சாலையில் ஓட்ட முடியாது. நிறுத்த இடமும், ஏற்றிச் செல்ல வண்டியும், நம்பகமான மெக்கானிக்கும் உங்களுக்கு இருந்தால் மட்டுமே அதைப் பற்றி யோசியுங்கள்.

போலோ என்றால், முதலில் காப்பீட்டுப் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு பற்றிய பகுதியைப் படியுங்கள். பந்தயமும் வேகச் சோதனையும் அதில் விலக்கப்பட்டிருக்கும் என்பதால், ட்ராக்கில் தடுப்பில் மோதினால் முழுச் செலவும் உங்களுடையது. மறுநாள் அலுவலகத்துக்கு ஆட்டோதான்.

பலரும் எஞ்சினைப் பற்றியே கவலைப்படுகிறார்கள்; முதலில் கைவிடுவது பெரும்பாலும் பிரேக்தான். டாட் 4 தர பிரேக் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது என்றாலும், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கக்கூடும். கொதித்துக் குமிழி உண்டானால், 3.7 கிலோமீட்டர் சுற்றின் நேர்ப்பாதை முடிவில் நீங்கள் மிதிக்கும் பெடல் பஞ்சுபோல் உள்ளே போய்விடும்.

நீங்கள் சொன்ன போலோவில் உள்ள டிஎஸ்ஜி எனும் தானியங்கி கியர்பாக்ஸின் கிளட்ச் எண்ணெயில் மூழ்காத உலர் வகை; அது வெப்பத்தைத் தாங்கச் சிரமப்படும் என்பதால், 1.0 லிட்டர் டிஎஸ்ஐ மேனுவலைத் தேடுவதே என் பரிந்துரை. ட்ராக்குக்கு முன் புதுத் திரவமும் நல்ல பிரேக் பேடுகளும் போடுங்கள். கூண்டு மட்டும் வேண்டாம். ஹெல்மெட் இல்லாமல் சாலையில் செல்லும்போது அந்த இரும்புக் குழாயே தலைக்கு ஆபத்து.