ஹைட்ரஜன் உலையில் சீரியா பெல்லட் ஏன் பிளக்கிறது?

கேள்வி: எங்கள் ஆய்வகத்துக்கு யுரேனியம் கையாள உரிமம் இல்லை. அணு உலை எரிபொருள் பெல்லட் (சிறு உருளை வில்லை) செய்முறையைப் பழக, யுரேனியாவுக்கு (யுரேனியம் டை ஆக்சைடு) பதில் சீரியாவை (சீரியம் டை ஆக்சைடு) அழுத்தி, யுரேனியாவுக்குச் செய்வதுபோலவே ஆர்கான்-ஹைட்ரஜனில் 1700 டிகிரி செல்சியஸில் சின்டர் செய்தோம் (உருக்காமல் சுட்டு இறுக்கினோம்). பெல்லட்டுகள் விரிசல் விட்டு உதிர்கின்றன. பவுடர் சரியில்லையா?

பவுடர் மேல் பழி போடாதீர்கள். உங்கள் சிக்கல் வாயுவில் இருக்கிறது. உடைந்த துண்டின் உட்புறத்தைப் பாருங்கள்: ஓரம் வெளிர்மஞ்சளாகவும் நடுப்பகுதி கருநீலமாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

யுரேனியாப் பவுடரில் தேவைக்கு மேல் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். ஹைட்ரஜன் அதை எடுத்துவிட்டு நின்றுவிடும். சீரியாவில் உபரி கிடையாது, ஆகவே ஹைட்ரஜன் படிகத்தின் சொந்த ஆக்சிஜனையே பிடுங்குகிறது. 0.97 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள நான்கு மின்னூட்டச் சீரியம், 1.14 ஆங்ஸ்ட்ராம் உள்ள மூன்று மின்னூட்டச் சீரியமாகிறது, பெல்லட் உப்புகிறது. பிறகு ஆறும்போதோ உலையைத் திறக்கும்போதோ மேல்தோல் ஆக்சிஜனை ஏற்றுச் சுருங்குகிறது. உள்ளே இன்னும் உப்பல் வற்றவில்லை. தோல் இழுபட்டுக் கிழிகிறது.

எனவே காற்றிலேயே சுடுங்கள். அழுத்துவதற்காகச் சேர்த்த மசகு (உராய்வைக் குறைக்கும் பொருள்) எரிந்து போகும் வரை, அதாவது 600 டிகிரி வரை, நிமிடத்துக்கு 2 டிகிரி. பிறகு 1500-இல் 4 மணி நேரம். அதற்கு மேல் ஏற்றினால் காற்றிலும் ஆக்சிஜன் வெளியேறி அடர்த்தி குறையலாம். இறக்குவதும் மெதுவாகவே.

அழுத்தும் வேலைக்குச் சீரியா நல்ல பதிலி. நுண்பவுடர் டைக்குள் (அழுத்தும் அச்சுக்குள்) சீராக ஓடாது. 100 மெகாபாஸ்கலில் முன்னழுத்தி, நொறுக்கி, சலித்து, மசகாக 0.3 சதவீதம் ஜிங்க் ஸ்டியரேட் சேர்த்து மென்மையாகக் கலக்குங்கள். அதிக நேரம் கலந்தால் மசகு குருணை முழுவதும் பூசிக்கொண்டு பிடிப்பைக் கெடுக்கும். மூடிபோல மேற்பகுதி கழன்றால் சிக்கிய காற்றையோ, வெளித்தள்ளும்போது வரும் மீள்விரிவையோ சந்தேகியுங்கள். சுட்ட பெல்லட்டின் இடுப்பு ஒடுங்கினால் காரணம் டைச் சுவர் உராய்வு. நடுவில் அடர்த்தி குறைந்து அங்கே கூடுதலாகச் சுருங்கியிருக்கிறது. இந்தப் பாடங்கள் யுரேனியாவுக்கும் அப்படியே பொருந்தும்.

எடையை மட்டும் அப்படியே கொண்டுபோகாதீர்கள். 10 மில்லிமீட்டர் விட்டமும் உயரமும் உள்ள பெல்லட், கோட்பாட்டு அடர்த்தியில் (துளையே இல்லாத பொருளின் அடர்த்தி) 95 சதவீதம் இருந்தால், சீரியாவில் 5.4 கிராம், யுரேனியாவில் 8.2 கிராம். குறிப்பேட்டில் எப்போதும் கோட்பாட்டு அடர்த்தியின் சதவீதத்தை எழுதுங்கள்: சீரியாவுக்கு 7.22, யுரேனியாவுக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.96 கிராம். 55 சதவீதத்தில் அழுத்தி 95-க்குச் சுட்டால் எதுவானாலும் விட்டம், உயரம் இரண்டுமே சுமார் 17 சதவீதம் சுருங்கும். 10 மில்லிமீட்டர் வேண்டுமானால் டை 12 இருக்கட்டும்.