டேப்பட் சத்தத்துக்கு எஞ்சின் ஃப்ளஷ்: கேள்வி பதில்

பழைய கார்களின் எஞ்சின் வேலையிலேயே 25 வருடம் போய்விட்டது. டேப்பட் என்பது எஞ்சினில் வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம். ஃப்ளஷ் என்பது ஆயிலோடு ஊற்றி உள்ளே படிந்த கசடைக் கரைக்கும் திரவம். டேப்பட் சத்தம் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, என்னுடையது 1999 மாருதி 800. தையல் மெஷின் மாதிரி டிக் டிக் சத்தம். ஃப்ளஷ் ஊற்றினால் அடங்கும் என்கிறார்கள். (கரூர்)

ஊற்ற வேண்டாம் தம்பி. அந்த எஞ்சினில் ஸ்க்ரூவைத் திருகி அட்ஜஸ்ட் செய்யும் டேப்பட்தான் இருக்கிறது. ராக்கர் (வால்வை அழுத்தும் கை) முனைக்கும் வால்வு தண்டுக்கும் இடையில் கேப் கூடினால் தட்டும். எந்தத் திரவத்தாலும் அந்த கேப் குறையாது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டேப்பட் கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜ் (கேப் அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். அம்பாசடர், பத்மினி, பழைய ஹோண்டா சிட்டி எல்லாவற்றுக்கும் இதே வேலைதான். சத்தமே கேட்கக் கூடாது என்று இறுக்கிவிடாதீர்கள். வால்வு முழுதாக மூடாமல் எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும்.

2005 ஃபோர்டு ஐகான் 1.3. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிஷம் தட்டுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. (திருச்சி)

உங்கள் வண்டியில் இருப்பது ஹைட்ராலிக் டேப்பட். உள்ளே சின்ன பிளஞ்சரும் (மேலும் கீழும் நகரும் தண்டு) ஒரு வழி வால்வும் இருக்கும். ஆயில் பிரஷர் வந்து நிரப்பினால் கேப் தானே மூடிக்கொள்ளும். ராத்திரி நின்ற வண்டி இரண்டு மூன்று விநாடி தட்டுவது சகஜம், ஒரு நிமிஷம் அதிகம். முதலில் ஆயில் லெவல் பாருங்கள். 20W-50 மாதிரி கெட்டி ஆயில் இருந்தால் மேனுவல் சொல்லும் கிரேடுக்கு மாறுங்கள். மலிவான ஃபில்டரில் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு சரியாக வேலை செய்யாது, அதையும் மாற்றுங்கள். இத்தனைக்குப் பிறகும் தட்டினால் பிளஞ்சரில் கசடு ஒட்டியிருக்கலாம். ஃப்ளஷுக்கு உண்மையான வேலை இங்கேதான்.

சரி, எப்படி ஊற்றுவது?

வண்டியைச் சூடாக்கி, பழைய ஆயிலிலேயே ஊற்றி, டப்பாவில் சொன்ன நேரம் மட்டும், பெரும்பாலும் 10 முதல் 15 நிமிஷம், ஐட்லிங்கில் விடுங்கள். ஓட்டவோ ரேஸ் கொடுக்கவோ கூடாது. சூட்டோடு வடித்து, புது ஃபில்டர், புது ஆயில். 1,500 கிலோமீட்டரில் மறுபடியும் ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றுங்கள். கரைந்த மிச்சம் அதற்குள் வந்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் டீசல், 1,80,000 கி.மீ. ஆயில் மூடிக்கு அடியில் கறுப்பாகப் பசை. ஃப்ளஷ் போடலாமா? (நாமக்கல்)

தயவுசெய்து வேண்டாம். இவ்வளவு கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்தால் சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்துவிடும். அந்த எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட், டர்போ, டைமிங் செயின் டென்ஷனர் மூன்றுமே ஆயிலை நம்பித்தான் இருக்கின்றன. என்னிடம் வந்த ஒரு வண்டிக்கு வேறொரு இடத்தில் ஃப்ளஷ் போட்டிருந்தார்கள். பைபாஸில் ஆயில் லைட் எரிந்தும் ஓனர் வீடு வரை ஓட்டிவிட்டார். சம்ப்பைக் கழற்றினால் வலை முழுக்கக் கசடு, பேரிங் போய்விட்டது. அதைப் பார்த்து எனக்கே மனசு ஆறவில்லை. நீங்கள் சம்ப்பை இறக்கி வலையைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு நல்ல ஆயில் ஊற்றி, 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை ஃபில்டரோடு மாற்றுங்கள். மெதுவாகக் கரைந்தால் போதும்.

மெக்கானிக் அரை லிட்டர் டீசல் ஊற்றி ஓடவிடலாம் என்கிறார்.

கூடாது. ஆயில் தண்ணீராகி, கேம் (வால்வுகளைத் திறக்கச் சுழலும் தண்டு) மேலும் பேரிங்கிலும் இருக்கும் படலம் போய்விடும்.

என் பழைய மாருதியில் கேஸ் கிட் (எல்பிஜி அல்லது சிஎன்ஜியில் ஓட்ட) இருக்கிறது. டேப்பட் சத்தமே இல்லை, நல்லதுதானே? (மதுரை)

உங்கள் வண்டியைத்தான் உடனே பார்க்க வேண்டும். கேஸில் ஓடும்போது வால்வு சீட் (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) தேய்ந்து வால்வு மேலே ஏறும், கேப் குறைந்துகொண்டே போகும். சத்தம் வராமலே வால்வு கருகும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கேப் அளந்துவிடுங்கள்.

ஹைட்ராலிக் டேப்பட் வண்டிதான். இரண்டு தடவை ஃப்ளஷ் போட்டும் தட்டுகிறது.

மூன்றாவது வேண்டாம். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை டேப்பட் கவர் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேளுங்கள். சத்தம் அங்கே இல்லாமல் எக்ஸாஸ்ட் பக்கம் கேட்டால் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் (புகைக் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்து சீல்) லீக். கவருக்கு அடியில்தான் என்றால் பிரஷர் கேஜ் போட்டு ஆயில் பிரஷர் பாருங்கள். பிரஷர் சரியாக இருந்தால் டேப்பட்டோ கேமோ தேய்ந்திருக்கிறது, திறந்து பார்த்து மாற்ற வேண்டியதுதான்.