பெரிய போட்டி நடந்தால் ஊருக்குச் சுற்றுலா பெருகுமா? யாழ்ப்பாணத்தில் மூன்று அறை வாடகைக்கு விடுபவனின் பதில்

கேள்வி இதுதான்: "பெரிய விளையாட்டுப் போட்டிகள் ஒரு நகரத்தின் சுற்றுலாவை எப்படிப் பாதிக்கின்றன? பக்கத்துத் தீவான மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானம் வந்தால் யாழ்ப்பாணம் மாறிவிடுமா?"

நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல. சுண்டுக்குளியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறேன். யார் வந்தார், எத்தனை நாள் நின்றார், எவ்வளவு தந்தார் என்பதையெல்லாம் பதினொரு வருடமாக ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வருகிறேன். அந்தக் கொப்பியையும் அங்கே இங்கே வாசித்ததையும் வைத்துத்தான் இந்தப் பதில்.

போட்டி பார்க்க வந்தவர்களை எல்லோரும் எண்ணுவார்கள். போட்டி நடக்கிறது என்று கேள்விப்பட்டு வராமல் விட்டவர்களை எண்ண ஆளில்லை. கணக்குப் பிழைப்பது அங்கேதான்.

லண்டனை எடுங்கள். 2012 ஆகஸ்டில், ஒலிம்பிக் நடந்த மாதத்தில், பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 30 இலட்சம் பேர். அதற்கு முந்தைய வருட ஆகஸ்டை விட இது 5 வீதமளவில் குறைவு. வந்தவர்கள் கூடச் செலவழித்தார்கள், அதை மறுக்க முடியாது. ஒலிம்பிக்குக்கு வந்த ஒருவர் மற்றப் பயணியைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு செலவழித்திருக்கிறார். ஆனால் சனநெரிசல், விலையேற்றம் என்று பயந்து வழக்கமான ஆட்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. போதாக்குறைக்கு நகரபிதாவின் குரலையே பதிவு செய்து ரயில் நிலையங்களில் ஒலிபரப்பி, நெரிசல் வரும், பயணத்தைத் திட்டமிடுங்கள் என்று எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நகரின் நடுப்பகுதியில் கடைக்காரரும் டாக்சிக்காரரும் ஈயோட்டினார்கள். 2024 பரிஸ் ஒலிம்பிக்கிலும் இதே கதைதான். பயணிகள் பரிஸைத் தவிர்ப்பதால் அந்தக் கோடையில் 16 முதல் 18 கோடி யூரோ வரை வருமானம் குறையும் என்று ஏர் பிரான்ஸ் குழுமம் போட்டி தொடங்க முன்னமே சொல்லிவிட்டது.

இதற்குப் பொருளாதாரக்காரர் பாவிக்கும் சொல்லைத் தமிழில் கொண்டுவந்தால் 'இடப்பெயர்வு' என்று வரும். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு, போரால் ஊரே வெளிக்கிட்டுப் போன 1995 ஒக்டோபர் என்றுதான் அர்த்தம். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். இருந்தவனை எழுப்பிவிட்டு வந்தவனை இருத்துவது என்று வைத்துக்கொள்வோம்.

சரி, என் கொப்பிக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் பெரிய மேட்ச் என்றால் அது வடக்கின் பெரும் சமர். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904இல் தொடங்கிய பள்ளிக்கூடத் துடுப்பாட்டப் போட்டி. போரால் சில வருடங்கள் நின்றுபோனதும் உண்டு. மார்ச் மாதம், மூன்று நாள், கோட்டைக்குப் பக்கத்தில் மத்திய கல்லூரி மைதானத்தில் நடக்கும். இந்த மைதானத்தில் ஒரு பக்கம் பாண்ட் வாத்தியம், மறுபக்கம் பழைய மாணவர்களின் கூடாரம். லொறிகளில் கொடி பிடித்துக்கொண்டு பெடியள் நகரத்தைச் சுற்றுவார்கள். பொன் அணிகளின் போர் என்று பத்திரிசியாரும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதுவது தனி. அதற்கு என் அறைகள் நிரம்புவதில்லை, அந்த ஆட்களுக்கு வேறு வீடுகள் இருக்கின்றன.

பெரும் சமர் வாரத்தில் என் மூன்று அறைகளும் எப்போதும் நிரம்பியிருக்கும். முதலில் சில வருடங்கள் அதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒருநாள் ஆறுதலாக இருந்து கொப்பியைப் புரட்டியபோதுதான் விஷயம் பிடிபட்டது. மேட்ச் இல்லாத மார்ச் வாரங்களிலும் இரண்டு அறையாவது போயிருக்கிறது. வெள்ளைக்காரர் வருகிற பருவத்தின் கடைசி அது. ஆக, மேட்ச் எனக்குத் தந்தது மூன்று அறை அல்ல, ஓர் அறைதான். அந்த ஓர் அறைக்கும் ஒருமுறை விலை கொடுத்தேன். நாலு நாள் நிற்பதாக வந்த ஒரு ஜெர்மன் தம்பதி, காலையில் லொறிச் சத்தம் கேட்டு, "இது கோயில் திருவிழாவா?" என்று கேட்டார்கள். இரண்டு பள்ளிக்கூடங்களின் மேட்ச் என்றேன். நம்பவில்லை. இரவிலும் இப்படித்தானா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். மறுநாள் காலை பருத்தித்துறைக்கு வெளிக்கிட்டுவிட்டார்கள். மிச்ச நாட்களின் காசை நான்தான் திருப்பிக் கொடுத்தேன்.

அப்படியென்றால் மேட்ச்சால் ஊருக்கு லாபமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது என்னைப் போன்றவர்களின் கொப்பியில் விழுவதில்லை.

ரொறன்ரோவிலிருந்து ஒரு அண்ணை வருவார். எழுபது தாண்டியவர், மத்திய கல்லூரியின் பழைய மாணவர். மகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார். ஒன்ராறியோவில் மார்ச் நடுவில் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வார விடுமுறை, அதோடு மேட்ச்சும் பொருந்திவிட்டால் அவருக்குக் கொண்டாட்டம். என் வீட்டில் படுப்பதைத் தவிர எதற்கும் செலவழிக்க மாட்டார். காலைச் சாப்பாடு கூட வேண்டாம். நல்லூரில் இருக்கிற தங்கச்சி மைதானத்துக்கே கரியரில் மதியச் சாப்பாடு அனுப்பிவிடுவார். மூன்று நாள் மேட்ச்சுக்கு வந்தவர் நிற்பது பதினெட்டு நாள். மேட்ச் முடிந்ததும் வான் ஒன்றைப் பிடித்துக் கீரிமலை, நயினாதீவு. அதன்பிறகு பூட்டிக் கிடக்கிற காணிக்கு வேலி, பல் வைத்தியரிடம் இரண்டு தரம், தையல்காரரிடம் மூன்று தரம். திரும்பிப் போகுமுன் செத்தல் மிளகாய் வாங்கி வறுத்து, மில்லில் நின்று தன் கண் முன்னாலேயே அரைப்பித்துப் பன்னிரண்டு கிலோ தூள் கட்டுவார். ஒடியல், பனங்கட்டி, பருத்தித்துறை வடை எல்லாம் தனிப் பொதி. மில்லுக்காரரும் மேசன்மாரும் சுற்றுலாத்துறையா என்று கேட்டால் யாரும் ஓம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் காசு அங்கேதான் போகிறது.

அவர் வைத்திருப்பது கனேடியக் கடவுச்சீட்டு. அதனால் நாட்டுக்குள் வந்த வெளிநாட்டுப் பயணிகளின் தொகையில் அவரும் ஒருவர். "பிறந்த ஊருக்கு வாறதுக்கு என்னை ரூறிஸ்ட் எண்டு போட்டு வைச்சிருக்கிறாங்கள், தம்பி" என்று வருடம் தவறாமல் ஒருமுறை சொல்லிச் சிரிப்பார்.

இந்த அண்ணையை வரவைத்தது புது மைதானமோ விளம்பரமோ அல்ல. வருடத்துக்கு வருடம் அதே மாதத்தில் அதே இடத்தில் நடப்பதால், அவர் ஆறு மாதம் முன்னமே விமானச்சீட்டு வாங்க முடிகிறது. ஒலிம்பிக் மாதிரி ஒருமுறை வந்து போகிற பெரிய கூத்துக்கு அது கிடையாது.

பெயர் மட்டும் போதாது என்பதற்கும் எங்களிடமே உதாரணம் இருக்கிறது. 2020இல் முதலாவது லங்கா பிரீமியர் லீக்கை வென்றது ஜப்னா ஸ்டாலியன்ஸ். மத்திய கல்லூரி வியாஸ்காந்த் அந்த அணிக்கு ஆடியபோது இங்கே வெடி கொளுத்தினார்கள். பிறகு ஜப்னா கிங்ஸ் என்ற பெயரில் 2021, 2022, 2024 என்று இன்னும் மூன்று கிண்ணம். ஆனால் முதல் கிண்ணத்தை வென்றது அம்பாந்தோட்டையில், நாட்டின் மற்றத் தொங்கலில், கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில். மற்றவையும் தெற்கில்தான். ஊரின் பெயர் தொலைக்காட்சியில் ஓடியது, ஊரில் ஒரு பிளேன்ரீ கூட அதனால் அதிகம் விற்கவில்லை.

இனி மண்டைதீவு. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். 40,000 பேருக்கு இடம் என்றார்கள். 2012 கணக்கெடுப்பில் யாழ். மாநகரசபை எல்லைக்குள் இருந்த மொத்தச் சனமே ஒரு இலட்சத்தைத் தொடவில்லை. அந்த மைதானத்தை நிரப்ப வேண்டுமானால் வெளியிலிருந்து வரவேண்டும். சென்னையிலிருந்து பலாலி விமான நிலையத்துக்கு வருவது எழுபது பேரளவில் ஏறும் சின்ன விமானங்கள். கொழும்பு 400 கிலோமீற்றர். வவுனியா, கிளிநொச்சிப் பெடியள் மோட்டார் சைக்கிளில் வந்து, மேட்ச் முடிந்ததும் கொத்துரொட்டி ஒன்றோடு அன்றிரவே திரும்பிவிடுவார்கள். மண்டைதீவுப் பக்கமாகப் போகிற பண்ணைப் பாதையால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற சனம் அன்றைக்கு நடுவழியில் நிற்கும். மழையை நம்பிய நிலத்தடி நீர்தான் எங்களுக்கு, தீவுப்பக்கம் அதுவும் உப்பு. மைதானத்துப் புல்லுக்கு எங்கிருந்து தண்ணீர் என்று யாராவது சொன்னால் நல்லது.

அம்பாந்தோட்டை மைதானத்தையும் பாருங்கள். 2011 உலகக் கிண்ணத்துக்காகச் சூரியவெவவில் கட்டினார்கள், பிறகு அங்கே மேட்ச் நடக்கிற நாட்கள் கொஞ்சம்தான். காலியோ வேறு மாதிரி. அங்கே நடப்பது டெஸ்ட். ஐந்து நாள் ஆட்டம், பழைய கோட்டை, கோட்டை மதிலில் நின்றே மேட்ச் பார்க்கலாம். இங்கிலாந்து அணி வந்தால் பின்னாலேயே அந்த நாட்டு ரசிகர் கூட்டமும் வரும். அடுத்த டெஸ்ட் கண்டியில் என்றால் இடைப்பட்ட நாட்களில் எல்ல, நுவரெலியா என்று சுற்றிவிட்டுத்தான் போவார்கள். மண்டைதீவில் எனக்கு ஏதாவது கேட்க உரிமை இருந்தால் டெஸ்ட் ஒன்றைத்தான் கேட்பேன். அதையும் நல்லூர் திருவிழா நடக்கிற இருபத்தைந்து நாளில் வைக்காதீர்கள் என்று காலைப் பிடித்துக் கேட்பேன். அப்போது அறையே இல்லை, மேட்ச்சுக்கு வருபவர் கோயிலுக்கு வருபவரைத்தான் எழுப்பிவிடுவார்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். நாங்கள் இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்தோம். கரண்ட் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றிச் சுற்றி ரேடியோ கேட்டோம். அரவிந்த டி சில்வா சதம் அடித்த நேரம் பெடல் சுற்றும் முறை என்னுடையது. கையை எடுத்தால் ஸ்கோர் நின்றுவிடும். அந்த உலகக் கிண்ணத்தில் கொழும்புக்கே வரமாட்டோம் என்று அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்திருந்தன, மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு. அப்படியிருந்த நாட்டில், யாழ்ப்பாணத்தில் ஒரு சர்வதேச மேட்ச் என்று தொலைக்காட்சியில் பண்ணைக் கடலைக் காட்டினால், அதைப் பார்த்து இரண்டு வருடம் கழித்து ஒருவர் வரக்கூடும். அந்த லாபத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதற்காக மேலே இன்னும் மூன்று அறை கட்டக் கடன் எடு என்று மைத்துனர் சொல்வதை மட்டும் ஏற்கவில்லை.

இந்த வருடம் அண்ணை வெளிக்கிடும்போது வான் கேற்றடியில் நிற்க, மிளகாய்த்தூள் பொதியை ஒரு கையில் பிடித்தபடி அடுத்த மார்ச்சுக்கு முற்பணம் தந்தார். மத்திய கல்லூரி தோற்றாலும் வருவாராம். அறை மாறக்கூடாது, மாமரப் பக்கத்து அறைதான் வேண்டும், மின்விசிறியின் சத்தத்தை மட்டும் சரிபார்த்து வைக்கட்டாம். கொப்பியில் புதுப் பக்கம் திறந்து எழுதிக்கொண்டேன்.