கருமுட்டை தானம்: 24 வயதா, 31 வயதா?

சகோதரி, 24 வயதுப் பெண்ணுக்கு ஏ.எம்.ஹெச். (சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) 5, 31 வயதுப் பெண்ணுக்கு 2.4, ஆனால் அவருக்கு இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள், யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் 31 வயதுக்காரரை ஒதுக்க மாட்டேன்.

ஏ.எம்.ஹெச். எண்ணிக்கையைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. குரோமோசோம் பிழைகள் வேகமாகக் கூடுவது 35க்குப் பிறகுதான். எண்ணிக்கையும் இங்கே பெரிதாக உதவாது. நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, 23 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண் வாழ்நாளில் ஒருமுறைதான் தானம் தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கவும் கூடாது. அப்படியிருக்க, அந்த 5 எதற்கு? பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தாலும் ஏ.எம்.ஹெச். அவ்வளவு ஏறும், அதையும் விசாரியுங்கள்.

ஏழும் கருவாகிவிடாது. எங்களுக்கு ஆய்வகத்தில் ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்கள்: எடுத்தது 7, முதிர்ந்தது 5. கருவாகி ஐந்தாம் நாள் வரை தேறியவை இரண்டே. எனவே முதிர்ந்த முட்டைகள் எத்தனை என்று கேளுங்கள். உறைய வைத்தவை என்றால், உருக்கிய பின் எத்தனை பிழைக்கின்றன என்பதையும் கேளுங்கள்.

மாமியார் கேட்கும் நிறமும் பட்டப்படிப்பும் முட்டையின் தரத்தில் எதையும் மாற்றாது. (என் மாமியார் நட்சத்திரம் வரை கேட்டார்!) இரத்த வகையும் தலசீமியா (பரம்பரை இரத்த நோய்) பரிசோதனையும் முக்கியம். உங்கள் கணவரின் விந்துப் பரிசோதனை எப்போது எடுத்தது? அதைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லையே.